ஏறுமா? ஓடுமா? – விண்டோஸ் 11க்கு உங்கள் கம்ப்யூட்டர் தயாரா

விண்டோஸ் 10க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலரும் அதன் பின்னர் கேட்பது, "என் சிஸ்டத்தில் விண்டோஸ் 11 போடலாமா?" என்பதுதான். ஒரு கடையில் கேட்டால், "போடலாம் சார், ஒரு மணி நேரத்தில் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். அடுத்த கடையில், "இது பழைய மாடல், புதுசு வாங்கிவிடுங்கள்" என்பார்கள். இரண்டு பேரையும் நம்பிக் குழம்புவதைவிட, நீங்களே பத்து நிமிடம் செலவழித்துப் பார்த்துவிடலாம். அதற்கு அந்த ஒரு கேள்வியை இரண்டாக உடைத்துக் கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: விண்டோஸ் 11 இந்த மெஷினில் ஏறுமா? அதாவது மைக்ரோசாப்டின் சோதனையைத் தாண்டி முறைப்படி இன்ஸ்டால் ஆகுமா? இரண்டாவது கேள்வி: ஏறிய பிறகு ஓடுமா? அதாவது ஒரு பிரவுசர், ஒரு வேர்டு பைல், வீடியோ கால் என்று வழக்கமான வேலைகளைத் தடுமாறாமல் செய்யுமா? இவை இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிப் பணத்தைத் தவறான பாகத்தில் செலவழிப்பவர்கள் நிறைய பேர். ஏறவிடாமல் தடுக்கும் பாகங்கள் வேறு. ஓடவிடாமல் இழுக்கும் பாகங்கள் வேறு.

"குறைந்தபட்சம்" என்றால் என்ன?

ஒவ்வொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் வெளிவரும்போதும் அதற்குத் தேவையான ஹார்டுவேர் பட்டியல் ஒன்றைத் தருவார்கள். 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி கேட்டது 233 மெகா ஹெர்ட்ஸ் ப்ராசசர், 64 எம்பி ராம், ஒன்றரை ஜிபி ஹார்ட் டிஸ்க் இடம். 64 எம்பியில் எக்ஸ்பி ஓட்டியவர்களுக்கு அந்தப் பொறுமைச் சோதனை நினைவிருக்கும். 128 எம்பி நல்லது என்று மைக்ரோசாப்டே பக்கத்தில் குறிப்பிட்டிருந்தது. உண்மையில் 256 எம்பி இருந்தால்தான் எக்ஸ்பி முகம் சுளிக்காமல் வேலை செய்தது.

இந்தப் பட்டியலின் குணத்தை வெட்டவெளிச்சமாக்கியது 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாதான். அது வருவதற்கு முன்பே, 2006ல், கடையில் இருந்த எக்ஸ்பி கம்ப்யூட்டர்களில் "விஸ்டா கேப்பபிள்" என்ற ஸ்டிக்கரை ஒட்டினார்கள். 800 மெகா ஹெர்ட்ஸ் ப்ராசசரும் 512 எம்பி ராமும் இருந்தாலே அந்த ஸ்டிக்கர் கிடைத்தது. விளம்பரங்களில் காட்டிய கண்ணாடி போன்ற ஏரோ தோற்றத்திற்கோ 1 ஜிபி ராமும், புதிய வகை டிரைவரை ஏற்கும் 128 எம்பி கிராபிக்ஸ் மெமரியும் தேவைப்பட்டன. அப்போது மிகப் பரவலாக இருந்த இன்டெல் 915 சிப்செட்டின் கிராபிக்ஸ் பகுதியால் ஏரோவைக் காட்ட முடியாது. ஆனாலும் அந்த சிப்செட் கொண்ட கம்ப்யூட்டர்களுக்கும் ஸ்டிக்கர் கிடைத்தது. ஸ்டிக்கரை நம்பி வாங்கியவர்கள் 2007ல் அமெரிக்காவின் சியாட்டில் நகர நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2008ல் அந்த வழக்கில் வெளியான மைக்ரோசாப்டின் உள் கடிதங்களில், இந்தத் தளர்வு சரிதானா என்று அதன் ஊழியர்களே வாதாடியிருந்தது தெரிய வந்தது. வழக்கைப் பலர் சார்பாகச் சேர்த்து நடத்தும் அனுமதி 2009ல் நீக்கப்பட்டது. அது வேறு கதை. குறைந்தபட்சத் தேவை என்பது விற்பவர் தன் வசதிக்கும் சேர்த்தே போடும் கோடு என்பது மட்டும் நமக்குப் போதும்.

விஸ்டாவுக்குப் பிறகு கோடு நகரவே இல்லை என்று சொல்லலாம். 2009ன் விண்டோஸ் 7 கேட்டதும், 2015ன் விண்டோஸ் 10 கேட்டதும் ஒன்றுதான்: 1 கிகா ஹெர்ட்ஸ் ப்ராசசர், 32 பிட் என்றால் 1 ஜிபி ராம், 64 பிட் என்றால் 2 ஜிபி ராம். ஆகவே விண்டோஸ் 7 போட்ட பெரும்பாலான மெஷின்களில் 10ம் ஏறியது. மக்களும் "ராம் கொஞ்சம் கூட்டினால் எது வேண்டுமானாலும் போடலாம்" என்று பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை உடைத்தது 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11.

விண்டோஸ் 11 கேட்பவை

எண்களைப் பார்த்தால் பயமாக இருக்காது. 1 கிகா ஹெர்ட்ஸ் வேகத்தில் குறைந்தது இரண்டு கோர் உள்ள 64 பிட் ப்ராசசர், 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ், டைரக்ட் எக்ஸ் 12 ஏற்கும் கிராபிக்ஸ், 9 அங்குலத்திற்கு மேற்பட்ட 720பி டிஸ்பிளே. ஏழெட்டு ஆண்டு பழைய எந்தக் கம்ப்யூட்டரிலும் இவை இருக்கும். ஹோம் பதிப்பை முதல் முறை செட்டப் செய்ய இன்டர்நெட் இணைப்பும் மைக்ரோசாப்ட் கணக்கும் வேண்டும்.

தடுப்புக் கம்பி அடுத்த மூன்று வரிகளில் இருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். செக்யூர் பூட் வசதி கொண்ட யுஇஎஃப்ஐ வகை பயாஸ் வேண்டும். ப்ராசசர், மைக்ரோசாப்ட் வெளியிட்டுள்ள பட்டியலில் பெயர் உள்ளதாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இன்டெல்லைப் பொறுத்தவரை பெரும்பாலும் 2017ல் வந்த 8ம் தலைமுறையிலும், ஏஎம்டியைப் பொறுத்தவரை ரைசன் 2000 வரிசையிலும் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ப்ராசசர்களில் விதிவிலக்கு மிகச் சில மட்டுமே.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. 2017 தொடக்கத்தில் வந்த இன்டெல் கோர் ஐ7 7700 நான்கு கோர், எட்டு திரெட் கொண்ட திடமான டெஸ்க்டாப் ப்ராசசர். வீடியோ எடிட்டிங்கூடச் செய்யலாம். ஆனால் அது 7ம் தலைமுறை, பட்டியலில் இல்லை. மலிவு லேப்டாப்களில் வரும் செலரான் என்4020 இரண்டே கோர் கொண்டது. அடிப்படை வேகம் 1.1 கிகா ஹெர்ட்ஸ். அது பட்டியலில் இருக்கிறது! 4 ஜிபி ராமும் 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜும் கொண்ட அப்படிப்பட்ட லேப்டாப்பில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். ஆனால் நான்கு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். ஐ7 7700ல் முறைப்படி ஏறாது. ஏற்றினால் நன்றாகவே ஓடும். ஏறுவதற்கும் ஓடுவதற்கும் உள்ள இடைவெளியை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ப்ராசசரின் தலைமுறையை எப்படிப் படிப்பது?

ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம் பிரிவில் அபௌட் என்பதில் கிளிக் செய்யுங்கள். ப்ராசசர் என்ற வரியில் முழுப் பெயர் இருக்கும். இன்டெல் கோர் என்றால், ஐ3, ஐ5, ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250யு என்று நான்கு இலக்கமாக இருந்து 2 முதல் 9 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், முதல் இலக்கம் தலைமுறை. இது 8ம் தலைமுறை. 10210யு என்று ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு இலக்கங்கள்; இது 10ம் தலைமுறை. 1135ஜி7 போல 1ல் தொடங்கி நடுவில் எழுத்து வந்தால் முதல் இரண்டையும் சேர்த்து 11 என்று படிக்க வேண்டும். செலரான், பென்டியம் பெயர்களுக்கு இந்த விதி பொருந்தாது.

விற்பனையில் அதிகம் ஏமாற்றம் நடப்பது இங்கேதான். "ஐ7 சார்" என்பார்கள். ஐ7 என்பது அந்தத் தலைமுறைக்குள் உயர்ந்த வகை என்று மட்டுமே பொருள். ஐ7 3770 என்பது 2012ல் வந்தது. ஐ3 8100 என்பது 2017ல் வந்தது. விண்டோஸ் 11 முன்னதைத் திருப்பி அனுப்பும், பின்னதை ஏற்றுக்கொள்ளும். அலுவலகங்கள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்து விற்கும் கடைகளில் 4ம் தலைமுறை, 6ம் தலைமுறை ஐ5 மெஷின்கள் கட்டுக்கட்டாக இருக்கும். விலையைக் கேட்பதற்கு முன் அந்த நான்கு இலக்க எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அபௌட் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

எண்ணைப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற புரோகிராமை டவுன்லோட் செய்து இயக்குங்கள். "செக் நவ்" பட்டனை அழுத்தினால் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று வரிவரியாகக் காட்டும். ரைசன் 2000 வரிசையில் சில மாடல்கள் பட்டியலில் இல்லாததால், ஏஎம்டி வைத்திருப்பவர்கள் இதை இயக்கிப் பார்ப்பதே நல்லது.

டிபிஎம் இல்லை என்கிறதா? அவசரப்படாதீர்கள்

ஹெல்த் செக் "டிபிஎம் 2.0 இல்லை" என்று சொன்னவுடன் மதர்போர்டை மாற்ற ஓடிவிடாதீர்கள். டிபிஎம் என்பது கம்ப்யூட்டரின் ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் ஒரு சிறு பெட்டகம். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் சாவி, விண்டோஸ் ஹலோ பின் நம்பர் தொடர்பான சாவி போன்றவை அதற்குள் இருக்கும். வைரஸ் புரோகிராம் ஒன்று விண்டோஸுக்குள் புகுந்தாலும் இந்தப் பெட்டகத்தின் உள்ளே கை விட்டு சாவியை எடுக்க முடியாது. இது தனிச் சிப்பாகவும் இருக்கலாம். ப்ராசசருடன் சேர்ந்தே வரும் வசதியாகவும் இருக்கலாம். 8ம் தலைமுறை இன்டெல்லிலும் ரைசனிலும் பெரும்பாலும் இரண்டாவது வகை உள்ளே இருக்கும். கடையில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் பயாஸில் அதை ஆன் செய்யாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

சோதிக்க, விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஆர் எழுத்தைத் தட்டுங்கள். வரும் ரன் பாக்ஸில் டிபிஎம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு புள்ளி, பின்னர் எம்எஸ்சி என்ற மூன்று எழுத்துகள் என இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். திறக்கும் விண்டோவில் "ஸ்பெசிபிகேஷன் வெர்ஷன் 2.0" என்று இருந்தால் கவலை இல்லை. டிபிஎம்மைக் காணவில்லை என்று வந்தால், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பயாஸ் செட்டப்புக்குள் செல்லுங்கள். பல மெஷின்களில் டெலிட் அல்லது எஃப்2 கீ அதற்கு உதவும். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்றும் இதன் பெயர் இருக்கும். செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்டு பிரிவுகளில் தேடி, எனேபிள் செய்து, சேமித்து வெளியேறுங்கள். செலவு எதுவும் இல்லை.

அடுத்தது யுஇஎஃப்ஐ. அதே ரன் பாக்ஸில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் விண்டோ வரும். அதில் "பயாஸ் மோடு" என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ என்றிருந்தால் நல்லது. லெகஸி என்றிருந்தால், விண்டோஸ் பழைய முறையில் இன்ஸ்டால் செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். இந்த இடத்தில் பயாஸுக்குப் போய் லெகஸியை யுஇஎஃப்ஐ என்று மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மாற்றினால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பு எம்பிஆர் என்ற பழைய வகையில் இருப்பதுதான் காரணம். அதை முதலில் ஜிபிடி வகைக்கு மாற்ற வேண்டும். இதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளை விண்டோஸ் 10லேயே இருக்கிறது. பைல்களை அழிக்காமல் மாற்றித் தரும். ஆனாலும் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை யோசித்துக் கொள்ளுங்கள். போட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுக்காமல் இதைத் தொடவே கூடாது. புதியவர்கள் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் டிஸ்க் பிட்லாக்கர் மூலம் என்கிரிப்ட் ஆகியிருந்தால், பயாஸில் செக்யூர் பூட் அல்லது டிபிஎம் அமைப்பை மாற்றிய பின் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அதை முன்பே உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் தேடி ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள். பயாஸில் "கிளியர் டிபிஎம்" என்று ஒரு வரி இருக்கும். அதன் பக்கமே போகாதீர்கள்.

இனி ஓடுமா என்ற கேள்வி

மேலே சொன்ன எல்லாம் சரியாகி, ஹெல்த் செக் பச்சைக் குறி காட்டிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். இப்போதுதான் உண்மையான வேலை. 2018, 2019ல் வாங்கிய எத்தனையோ லேப்டாப்கள் எல்லாச் சோதனையிலும் தேறும். ஏற்றிய மறுநாளே "பழைய விண்டோஸே தேவலாம்" என்று சொல்ல வைக்கும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சுழலும் ஹார்ட் டிஸ்க்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிடத்திற்கு 5400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட் ஆகிறது. தேவையான தகவல் ஹெட்டின் அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். ஹெட் சரியான தடத்திற்கு நகர ஏறத்தாழ 12 மில்லி செகண்ட். ஆக, ஒரு சிறு பைலைத் தேடி எடுக்க 17, 18 மில்லி செகண்ட் ஆகிறது. ஒரு விநாடியில் ஐம்பது அறுபது பைல்களுக்கு மேல் தேட முடியாது. பெரிய சினிமா பைல் ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தான் ஓடும். ஆனால் விண்டோஸ் துவங்கும்போது படிப்பவை ஆயிரக்கணக்கான சிறு சிறு துண்டுகள். அதே நேரத்தில் அப்டேட், ஆன்டிவைரஸ், தேடல் இன்டெக்ஸ் எல்லாம் ஒரே ஊசியைப் பிடித்து இழுக்கின்றன. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற இடத்தில் 100% என்று காட்டிக்கொண்டே இருக்கும். ப்ராசசரோ 10 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எஸ்எஸ்டியில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் எதுவுமில்லை. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி செகண்ட் அளவுதான். நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆகவே பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு பாகம் வாங்கப் பணம் இருந்தால், அது எஸ்எஸ்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ப்ராசசர் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் நம் ஊரில் எத்தனையோ புது லேப்டாப் செலவுகள் மிச்சமாகியிருக்கும்.

எந்த எஸ்எஸ்டி வாங்குவது? ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே பொருந்துவது இரண்டரை அங்குல சாட்டா வகை. இதன் உச்ச வேகம் விநாடிக்கு 550 எம்பி அளவு. வீட்டு வேலைக்குத் தாராளம். சில லேப்டாப்களில் எம்.2 என்ற சிறு ஸ்லாட் இருக்கும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் எம்.2 அளவில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை கார்டுகள் உண்டு. உங்கள் ஸ்லாட் எந்த வகையை ஏற்கும் என்பதைத் தயாரிப்பாளரின் வெப்சைட்டில் மாடல் எண் கொடுத்துப் பார்த்த பின்னரே வாங்குங்கள். கடைக்குப் போய், "எம்.2 எஸ்எஸ்டி கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் பாதிச் சந்தர்ப்பத்தில் தவறானது கைக்கு வரும். அளவைப் பொறுத்தவரை 256 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். 64 ஜிபி போதும் என்பது மைக்ரோசாப்டின் கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட், பழைய விண்டோஸின் நகலையும் சில நாட்கள் வைத்திருக்கும்; 64 ஜிபியில் அப்போது படும் பாடு சொல்லி மாளாது. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை வீணாக்காமல் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுப் பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ராம். 4 ஜிபி உள்ள மெஷினில் விண்டோஸ் 11 துவங்கி, நீங்கள் எதையும் திறக்காத நிலையிலேயே பாதிக்கு மேல் நிரம்பிவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் திரைக்கான மெமரியும் அதே 4 ஜிபியில் இருந்துதான் போகும். மீதி இடத்தில் பிரவுசர் நுழைந்ததும் ராம் தீர்ந்து, விண்டோஸ் டிஸ்க்கில் உள்ள பேஜ் பைலை ராம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். அந்த டிஸ்க் சுழலும் வகையாகவும் இருந்துவிட்டால் இரண்டு நோயும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். வீட்டு உபயோகத்திற்கு 8 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். போட்டோஷாப், வீடியோ எடிட்டிங் என்றால் 16 ஜிபி.

ராம் வாங்குமுன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் டேப்பில் மெமரி என்பதைக் கிளிக் செய்யுங்கள். "ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2" என்று இருந்தால் ஒரு ஸ்லாட் காலி. அதில் இன்னொரு 4 ஜிபி போட்டால் போதும். இரண்டும் இணைந்து இயங்குவதால் வேகமும் சற்றுக் கூடும். டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று பொருந்தாது. நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அமுக்கிப் பொருத்த முயல வேண்டாம். மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். அவற்றில் பின்னால் கூட்டவே முடியாது. புது லேப்டாப் வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

கிராபிக்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள ப்ராசசருடன் வரும் கிராபிக்ஸே விண்டோஸ் 11க்குப் போதும். கேம் ஆடுபவர்கள் கதை வேறு.

இரண்டு மெஷின்கள்

ஒரு வீட்டில் 2018ல் வாங்கிய லேப்டாப். கோர் ஐ5 8250யு, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஏறுமா? ஏறும். ஓடுமா? இப்படியே விட்டால் ஓடாது. ஒரு சாட்டா எஸ்எஸ்டியும், காலி ஸ்லாட் இருந்தால் ஒரு 4 ஜிபி ராமும் போட்டு, விண்டோஸ் 11ஐப் புதிதாக இன்ஸ்டால் செய்தால் இன்னும் சில ஆண்டுகள் பிள்ளைகளின் படிப்புக்குத் தாராளமாக உழைக்கும். புது லேப்டாப்பின் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு.

இன்னொரு வீட்டில் 2014ல் வாங்கிய டெஸ்க்டாப். கோர் ஐ5 4460, 8 ஜிபி ராம், ஏற்கெனவே எஸ்எஸ்டி போட்டது. விண்டோஸ் 10ல் அருமையாக ஓடியது. இது ஏறாது. இதற்கு ராம் கூட்டினாலும் ஏறாது. ப்ராசசரை மட்டும் மாற்ற நினைத்தால் 8ம் தலைமுறை அந்த மதர்போர்டில் உட்காராது. போர்டு மாறினால் டிடிஆர்3 ராமும் மாற வேண்டும். கேபினட்டும் எஸ்எஸ்டியும் தவிர எல்லாம் புதிது என்றாகிவிடும். இங்கே "சும்மா ஒரு ராம் போட்டுப் பார்ப்போம்" என்று செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் நஷ்டம்.

இந்த இரண்டாவது மெஷினுக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. சோதனையைத் தாண்டிச் செல்லும்படி இன்ஸ்டலேஷன் பென் டிரைவைத் தயாரிக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. "விண்டோஸ் 11 போட்டது" என்று விற்கப்படும் பழைய மெஷின்கள் பலவற்றில் இப்படித்தான் ஏற்றியிருக்கிறார்கள். வேலை செய்கிறதே என்று தோன்றும். ஆனால் இப்படி ஏற்றியவற்றுக்கு அப்டேட் பெறும் உரிமை இல்லை என்று மைக்ரோசாப்ட் எச்சரிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்பு தானாக வராது. 2024ல் வந்த 24எச்2 பதிப்பு, பாப்கவுன்ட் என்ற கட்டளையை அறியாத ப்ராசசர்களில் பூட் ஆகவே மறுத்துவிட்டது. கோர் 2 டியோவில் குறுக்கு வழியாக 11 ஏற்றியவர்கள் அத்துடன் நின்றுபோனார்கள். விளையாட்டுக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்கள். பேங்க் வேலையும் வருமான வரி வேலையும் நடக்கும் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

அந்த மெஷினை என்ன செய்வது? விண்டோஸ் 10 22எச்2 பதிப்பு வைத்திருக்கும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாப்ட் 2025ல் அறிவித்தது. செட்டிங்ஸை மைக்ரோசாப்ட் கணக்கில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. இல்லையேல் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம். இது அவகாசம் தருவது மட்டுமே. நிரந்தரமாக அதே மெஷினை ஓட்ட விரும்புபவர்கள் லினக்ஸுக்கு மாறலாம். லினக்ஸ் மின்ட் எளிமையானது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. இரண்டிலும் தமிழில் டைப் செய்யலாம். ஆனால் டாலி போன்ற விண்டோஸ் புரோகிராம்கள் அவற்றில் நேரடியாக ஓடாது. கணக்கு வேலைக்கு அந்தக் கம்ப்யூட்டரை நம்பியிருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றும் நாளுக்கு முன்

பிரிண்டரையும் ஸ்கேனரையும் மறந்துவிடாதீர்கள். விண்டோஸ் 11ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் விண்டோஸ் 10ல் ஓடிக்கொண்டிருந்த பழைய பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் வெப்சைட்டில் முதலில் பாருங்கள். இல்லையென்றால், நன்றாக இயங்கும் பிரிண்டர் ஒரே இரவில் பெட்டியாகிவிடும். 32 பிட் பதிப்பு வைத்திருப்பவர்களால் அப்கிரேடும் செய்ய முடியாது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

64 பிட் விண்டோஸ் 10ல் இருந்து முறைப்படி அப்கிரேட் செய்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பத்து நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று சென்று "கோ பேக்" பட்டனை அழுத்திப் பழையதற்கே திரும்பிவிடலாம். விண்டோஸ் டாட் ஓல்டு என்ற போல்டர் சி டிரைவில் இருக்கும்வரைதான் இது முடியும். இடத்தை அடைக்கிறதே என்று முதல் நாளிலேயே அதை டிஸ்க் கிளீனப்பில் அழித்துவிடாதீர்கள். அந்தப் பத்து நாட்களுக்குள் பிரிண்டர், ஸ்கேனர், வெப் கேமரா, தமிழ் கீபோர்டு, பேங்க் வெப்சைட் எல்லாவற்றையும் ஒருமுறையாவது பயன்படுத்திப் பார்த்துவிடுங்கள்.